கழுவிக் கொடுத்த உமரி

“அக்கா, ஒரு நல்ல செய்தி” என்றுதான் ஆராய்ச்சி மாணவி இலக்கியா போனில் ஆரம்பித்தாள்.

நல்ல செய்தி என்றாலே சகாயசெல்விக்குப் பயம். ஒரு தடவை புருஷன் அந்தோணிசாமி இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்து, பிரேக் இல்லாத பழைய மொபெட் ஒன்றை வாசலில் நிறுத்தியவன். அதனால் கத்திரிக்காய் நறுக்குவதை விட்டுவிட்டு, அரிவாள்மணையை ஓரமாய்த் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சொல்லும்மா.”

“உங்க உமரிச் செடி ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லுதுக்கா. மார்ச் மாசம் எடுத்ததெல்லாம் மைக்ராஸ்கோப்புல பச்சையா ஜொலிச்சுது. ஏப்ரல்ல மங்கல். இந்த மாசம் சுத்தமா இருட்டு. உங்க உப்பளத்துல உப்பு ஏற ஏற, இங்க வெளிச்சம் இறங்குது. செடி தன்னோட சுவரையே மாத்திக்குதுக்கா!”

“அது நல்லதாம்மா?”

“நல்லதாவா? ஜூலையில பெங்களூர்ல ஒரு கூட்டத்துல இதைத்தான் பேசப் போறேன். எங்க சார் மொதல்ல நம்பவேயில்ல. சோதனைக்குப் போடற ஆன்டிபாடி கெட்டுப் போயிருக்கும்னாரு. லேப்ல செஞ்ச அந்தச் சர்க்கரையில வெச்சுப் பாத்தோம், கப்புனு புடிச்சுக்குது. அப்ப மாற்றம் செடியிலதான! ஒரு சொட்டு நல்ல தண்ணி பட்டிருந்தாக்கூட எல்லாம் கொழம்பிப் போயிருக்கும். நீங்க அவ்வளவு சரியா எடுத்துக் குடுத்தீங்க. கட்டுரையில உங்க பேருக்கு நன்றி போடப் போறேன். வியாழக்கிழமை சுவீட்டோட வர்றேன், வெச்சிடட்டுமா?”

இலக்கியா வைத்துவிட்டாள். சகாயசெல்வி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஒரு சொட்டு நல்ல தண்ணி. இவள் ஊற்றியது சொட்டுக் கணக்கிலா?

உப்பளத்துக்குப் போகிற வீடுகளில் பிறந்த மற்றப் பெண்களைப் போலத்தான் சகாயசெல்வியும் உப்பளத்துக்குப் போனாள். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் தவறி, அடுத்த வாரமே பாத்தியில் இறங்கினாள். தை பிறந்தால் வேலை, ஐப்பசி மழை வந்தால் வீடு. பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவதும், கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதுமாக இருபத்தேழு வருஷம். அந்தோணிசாமியைக் கட்டியதும் அங்கேதான். அவன் மோட்டார் ஓட்டுகிறவன், எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பார்க்கிறவன். பெண் ஒன்று, சென்னையில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறது.

பிறகு கால். உப்பளத்தில் எல்லாருக்கும் குதிகால் வெடிக்கும், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது காலில் வந்த வெடிப்பு மூடவேயில்லை. சித்திரையில் ஆரம்பித்தது புரட்டாசி வரை சீழ் பிடித்தபடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: “உப்புத் தண்ணியில இனிமே கால் வெக்காதம்மா. வெச்சேன்னா காலை எடுக்கறவங்ககிட்டதான் அனுப்புவேன்.”

ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தாள். உட்காரத் தெரியாதவள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? விடிந்தால் உப்பளத்துப் பக்கம் பார்ப்பாள், பிறகு தன் காலைப் பார்ப்பாள். இப்படியே போய்விடுமோ என்கிற நினைப்பு சோற்றோடு சோறாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாசி மாதத்தில் ஒருநாள், உப்பள வரப்பில் முதுகுப் பையோடு ஒரு பெண் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டு வந்தது. சகாயசெல்வியோடு வேலை பார்த்த விருத்தாம்பாள் பாத்தியில் நின்றபடி, “யாரு கீரைக்காரம்மாவா? பாத்து நட, உள்ள விழுந்தா ஊறுகாய் ஆயிடுவ!” என்று கூவினாள். அந்தப் பெண்தான் இலக்கியா. கிளியனூர்க்காரி; அப்பா நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். உப்பு மண்ணில் தானாக முளைக்கிற வரப்பு ஓரத்து உமரிச் செடி வாராவாரம் வேண்டும், வெட்டிக் கொடுத்தால் கூலி தருவேன் என்றாள். உமரியைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, விருத்தாம்பாள் சகாயசெல்வி வீட்டைக் கை காட்டினாள்.

வேலை வரப்பில்தான். காய்ந்த மண், செருப்புப் போட்டுக்கொள்ளலாம். உப்புத் தண்ணீரில் கால் படாது. உப்பளத்தை விட்டுப் போகாமலேயே காலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது என்று சகாயசெல்வி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மார்ச் மாதத்தில் இலக்கியா அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். நாலு மேசை, நிறைய கண்ணாடி, குளிர். “செடிக்குள்ள லட்சக்கணக்குல ரூம் இருக்குதுக்கா. ஒவ்வொரு ரூமுக்கும் சுவர். அந்தச் சுவர் சர்க்கரையால கட்டினது.”

“சர்க்கரையா? எறும்பு உடுமா?”

“இனிக்காத சர்க்கரைக்கா. மணி மணியா கோத்த சங்கிலி, பல தினுசு. செடியிலேர்ந்து பிரிச்சா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டே வரும். இதுதான் அதுன்னு சத்தியம் பண்ண முடியாது. அதனால வெளிநாட்டுல ஒரு லேப்ல, செடியே இல்லாம, ஒவ்வொரு மணியா அவங்களே கோத்து அந்தச் சங்கிலியோட சின்னத் துண்டை செஞ்சிருக்காங்க. எத்தனை மணி, எதுக்குப் பக்கத்துல எதுன்னு எல்லாம் தெரியும்.”

சுண்டுவிரல் நகமளவு குப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அடியில் திருநீறு ஒட்டினதுபோல ஒரு வெள்ளை. மாதக்கணக்கில் செய்ததாம். மூச்சுப் பட்டால் பறந்துவிடுமோ என்று சகாயசெல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மருந்து மாதிரி இந்த ஆன்டிபாடி இருக்குதே, இது ஒரே ஒரு தினுசு சங்கிலியத்தான் புடிக்கும். புடிச்ச எடம் பச்சையா மின்னும். ஆனா அது சரியாத்தான் புடிக்குதான்னு எப்படித் தெரியும்? செஞ்ச சர்க்கரையக் கண்ணாடியில புள்ளி புள்ளியா வெச்சு, அதுமேல இந்த ஆன்டிபாடிய உட்டுப் பாப்போம். அங்க சரியா புடிச்சுதுன்னா, அப்புறம் செடியில என்ன காட்டினாலும் நம்பலாம்.”

சகாயசெல்வி கொஞ்சம் யோசித்தாள். “எங்க வீட்டுக்காரரு தண்ணியில உப்பு எவ்வளவுன்னு பாக்க டிகிரிக் குழாய் வெச்சிருக்காரு. வருசா வருசம் மொதல்ல அதை நல்ல தண்ணியில போட்டு, பூஜ்யம் காட்டுதான்னு பாப்பாரு. காட்டினா குழாய் சரி. அது மாதிரியா?”

“அதேதான்கா!” என்று இலக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைப் பையனிடம், “கேட்டியா, எனக்கு இது புரிய ஆறு மாசம் ஆச்சு” என்றாள். பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் சகாயசெல்விக்குச் சிரிப்பாகவே இருந்தது.

இப்போது கத்திரிக்காய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை அந்தப் புரிதலேதான் குத்தியது. குழாய் சரி என்றால், கோளாறு தண்ணீரில். ஆன்டிபாடி சரி என்றால், கோளாறு செடியில். செடியில் கை வைத்தது யார்?

முதல் நாளே இலக்கியா சொல்லத்தான் சொன்னாள். “காலையில வெட்டி உடனே ஐஸ் பெட்டியில போட்டுடுங்க. சேறு இருந்தா இருக்கட்டும்கா, கழுவ வேணாம், நாங்க பாத்துக்கறோம்.” இதை யார்தான் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு வருகிறவர்கள் டீ வேண்டாம் என்பார்கள்; போட்டுக் கொடுத்தால் குடிப்பார்கள். அப்படித்தானே ஊர் வழக்கம். படித்த பெண், மரியாதைக்குச் சொல்கிறது, அதற்காக ஒரு பொருளைச் சேறும் சகதியுமாகவா கொடுப்பது?

முதல் மூன்று வாரம் இலக்கியா கூடவே வந்து வெட்டினாள். பிறகு தனியாக விட்டாள். அப்போதிருந்து சகாயசெல்வி கழுவ ஆரம்பித்தாள். முதலில் ஒரு அலசல். வெயில் ஏறியதும் இலைமேல் உப்புப் பூத்து நின்றது, அலசினால் போகவில்லை. வீட்டில் உமரிக்கீரை சமைக்கிறபோது என்ன செய்வாளோ அதையே செய்தாள். நல்ல தண்ணீரில் ஊற வைத்தாள். தெருக்குழாயில் வருவது லேசாக உவர்க்கும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் பிடித்து வைக்கிற குடிதண்ணீரிலிருந்து எடுத்தாள். மே மாதத்தில் புதன்கிழமை சாயங்காலமே வெட்டி, விடிய விடிய ஊற வைத்து, இரண்டு தடவை தண்ணீர் மாற்றினாள். ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்து, உப்பு இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் துணியில் ஒற்றிப் பெட்டியில் அடுக்குவாள். இலைகள் அரிசிமணி பருத்தமாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வாங்குகிற இலக்கியா, “உங்க கைக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு செழிப்பா கெடைக்குது?” என்று கேட்டிருக்கிறாள். அதற்காகவே அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச நேரம் ஊற வைத்தாள்.

உப்பு ஏற ஏற வெளிச்சம் இறங்கவில்லை. உப்பு ஏற ஏற இவள் ஊற வைத்த நேரம் ஏறியது. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை வரப்பில் விருத்தாம்பாளைப் பிடித்தாள். கேட்டு முடித்த விருத்தாம்பாள் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

“ஏண்டி, கீரையைக் கழுவினதுக்கா மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்குது? கழுவாம குடுத்திருந்தா நான் திட்டியிருப்பேன்.”

“வெளையாடாதடி. நாளைக்கு அந்தப் பொண்ணு வருது.”

“வரட்டும். நாளையிலேர்ந்து கழுவாத. முடிஞ்சுது.”

“அப்ப இந்த மாசம் இருட்டு, அடுத்த மாசம் வெளிச்சம்னு வருமே. ஏன்னு கேக்கும்ல?”

“மழை பேஞ்சுதுன்னு சொல்லு.”

“வைகாசியிலயா?”

“என்னைக் கேட்டா? படிச்சது அது. காரணம் அதுவே கண்டுபுடிச்சிக்கும்.”

அதுதான் பயமே. அது கண்டுபிடித்துக்கொள்ளும். இல்லாத ஒன்றுக்குக் காரணம் கண்டுபிடித்து, மேடை ஏறிச் சொல்லும்.

மத்தியானம் சோறு தின்ன வந்த அந்தோணிசாமியிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“சொன்னா வேலை போவும்.”

“தெரியும்.”

“அந்தக் கால வெச்சிக்கினு மறுபடி பாத்தியில எறங்கலாம்னு பாக்கறியா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடிக்கினு இரு.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசல் வரை போனவன் அங்கேயே நின்றான். “பெங்களூர்ல எவனாச்சும் எழுந்து, செடிய எப்படி எடுத்தீங்கன்னு கேட்டா, அந்தப் பொண்ணு என்னா சொல்லும்?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள், “எனக்கென்ன வந்துது” என்று தன்மேலேயே எரிந்து விழுந்துகொண்டு மோட்டார் போடப் போய்விட்டான்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. “உப்பளத்துக்கே வந்துடும்மா” என்று சொல்லிவிட்டாள். ஏழரைக்கு ஸ்கூட்டரில் வந்த இலக்கியா சுவீட் பொட்டலத்தை வரப்பில் வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஐஸ் மட்டும் இருந்தது.

“செடி எங்கக்கா?”

சகாயசெல்வி பெட்டி மூடியைச் சாத்தினாள். “நான் கழுவித்தாம்மா குடுத்தேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். இத்தினி வாரமும்.”

இலக்கியா சிரித்தாள். “மேல் மண்ணத் தட்டியிருப்பீங்க. அது பரவால்ல...”

“நல்ல தண்ணியில ஊற வெச்சேன். கடைசி நாலு வாரம் விடிய விடிய. தண்ணி மாத்தி மாத்தி. உப்பு போயிடுச்சான்னு வாயில போட்டும் பாத்தேன்.”

இலக்கியாவின் சிரிப்பு போய்விட்டது.

“கழுவ வேணாம்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“அப்புறம்?”

“எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுவாங்க. எங்க வீட்ல சாப்ட்டுட்டு நீ ‘தட்டை நானே கழுவறேன்’ன. நான் உட்டேனா?”

இலக்கியா திரும்பி வரப்போடு நடந்தாள். ஐம்பது அடி போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்குகிறதா, காற்றில் துப்பட்டா ஆடுகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. பின்னாலேயே போகலாமா, போனால் கத்துமோ. சகாயசெல்வி நின்ற இடத்திலேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது, கையில் நோட்டு இருந்தது. “எந்த வாரம் எவ்வளவு நேரம்? ஞாபகம் இருக்குதா?”

எல்லாம் ஞாபகம் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் சும்மா ஒரு அலசல். பெரிய வியாழன் அன்று கோயிலுக்குப் போகிற அவசரம், கால் மணி நேரம். மகள் லீவுக்கு வந்த வாரம் இரண்டு மணி நேரம். அடுத்தது சாயங்காலத்திலிருந்து படுக்கிற வரை. “அதுக்கடுத்த வாரம் குடிதண்ணி வரல. அரைக் குடம்தான் இருந்துது. அரை மணி நேரத்துல எடுத்துட்டேன்.”

இலக்கியாவின் பேனா நின்றது. நோட்டைப் பின்னால் புரட்டி ஒரு படத்தை எடுத்தாள். கீழே இறங்குகிற புள்ளிகள். நடுவில் ஒன்று மட்டும் கோட்டுக்கு மேலே எழும்பி நின்றது.

“இந்த ஒரு புள்ளி ஏன் ஒத்து வரலன்னு நாலு நாள் மண்டையை ஒடச்சிக்கிட்டேன்கா” என்றாள் மெதுவாக. “தண்ணி வரல. அவ்வளவுதானா?”

பிறகு ஒரே செடியிலிருந்து மூன்று பங்கு வெட்டினார்கள். ஒன்று அப்படியே பெட்டிக்குப் போனது. ஒன்று அலசியது. இன்னொன்றை வழக்கம்போல் ஊற வைத்து மறுநாள் அந்தோணிசாமியிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னாள் இலக்கியா. “நல்ல தண்ணியில ஊறினா அந்தச் சங்கிலி சுவர்லேர்ந்து கழண்டு வந்துடலாம், இல்ல வேற மாதிரி ஆயிடலாம். தெரியல. குப்பியில இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் சர்க்கரை இருக்குது. அதையும் இதுக்கே போடறேன்.” வேலையைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. சுவீட் பொட்டலத்தை வரப்பிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. போனை அடுப்படிக்கும் கோயிலுக்கும் தூக்கிக்கொண்டே திரிந்தாள். பூசையில் பாதியில் அடித்து, பதறி வெளியே ஓடி எடுத்தால் ரீசார்ஜ் கம்பெனிக்காரி. குதிகாலில் பழைய இடம் அரிப்பதுபோல் இருந்தது. விளக்கடியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திங்கட்கிழமை விருத்தாம்பாள் வந்து, “சொல்லியே தொலைச்சுட்டியா? பைத்தியம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எங்க அண்ணன் நெலத்துல நாத்து பறிக்க ஆள் தேடறாங்க. சேறுதான், உப்பு கெடையாது” என்றாள்.

“இந்தக் கால வெச்சிக்கினு சேத்துல நிக்கவா?”

“அதுவும் சரிதான்” என்று விருத்தாம்பாள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இலக்கியாவின் போன் வந்தது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“கழுவாதது நல்லா மின்னுதுக்கா. மே மாசத்துச் செடிதான், ஆனா ஒவ்வொரு ரூமோட விளிம்பும் பச்சையா தெரியுது. அலசினது மங்கல்.”

“ஊற வெச்சது?”

“இருட்டு.”

“செஞ்ச சர்க்கரையில வெச்சுப் பாத்தியா? ஆன்டிபாடி கெட்டுப் போயிருந்தா...”

“பாத்தேன். சரியா புடிக்குது.”

“அப்ப நான்தான்.”

“நீங்கதான்கா. உப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதா இல்லையான்னே இப்ப தெரியாது. பெங்களூருக்கு வரலன்னு மெயில் போட்டுட்டேன்.”

“உங்க சார் என்னம்மா சொன்னாரு?”

“திட்டக்கூட இல்ல. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அதான் பயமா இருக்குது.” இலக்கியா தொடர்ந்தாள். “ஒரு மாசம் நான் கூடவே நின்னு பாக்கணுமாம். நீங்க வெட்டறது, வெக்கறது எல்லாத்தையும். அதுக்கப்புறம் உங்களைப் பத்தி முடிவு பண்ணலாம்னாரு. என்னைப் பத்தியும்தான். வெயில் இருக்கறப்பவே புடிச்சாகணும், இல்லன்னா அடுத்த சித்திரைதான். நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடறேன்.”

ஆறு மணிக்கு இரண்டு பேரும் வரப்பில் இருந்தார்கள். வெயிலில் சிவந்துபோன உமரி. தண்டெல்லாம் வெள்ளையாய் உப்பு, அடியில் ஈரச் சேறு, ஒரு இலையில் எறும்பு. சகாயசெல்வி கத்தரியால் ஒரு கொழுந்தை வெட்டினாள். வெட்டிய கை பெட்டிப் பக்கம் போகாமல், தானாகவே முந்தானையைத் தேடிப் போனது.

“அக்கா!”

கை நின்றது. எறும்பை மட்டும் ஊதினாள். சேறும் உப்புமாக அதை இலக்கியா கொடுத்த சின்ன மூடிக் குழாய்க்குள் விட்டு, மூடியைத் திருகி, நீட்டினாள்.

“இப்படிக் குடுக்க வெக்கமா இருக்குதும்மா.”

இலக்கியா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், நேரத்தை எழுதினாள், ஐஸுக்குள் வைத்தாள்.

“அடுத்தது எடுங்க” என்றாள். கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.